மூன்றேகால் அடியும் ஐந்தரை அடியும்

பம்பாய்க்கு நான் ரயிலில் போனேன். என் காலடியில் மூன்று கள்ளிப்பெட்டிகளில் மூன்று ரயில்கள் என்னோடு வந்தன. டிக்கெட் பரிசோதகர் பெட்டிகளைப் பேனாவால் தட்டி, உள்ளே என்ன என்று கேட்டார். ரயில் என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். பொம்மையா என்றார். பொம்மை இல்லை, மாதிரி ரயில் பாதை, மூன்று வருஷ உழைப்பு, கண்காட்சிக்குப் போகிறது என்று நான் விளக்க ஆரம்பித்ததும் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அதுவரை என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்த எதிர்ப்பலகைக்காரரும் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டார்.

நான் அம்பாசமுத்திரத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சித்திர ஆசிரியர். சரித்திர ஆசிரியருக்கும் கணக்கு ஆசிரியருக்கும் பயப்படுகிற பையன்கள் எனக்குப் பயப்படுவதில்லை. என் வகுப்பில் தூங்குவார்கள். என்னிடமும் ஏதோ இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட வேண்டுமென்று எனக்கு வெகுநாளாக ஆசை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னாலேயே ரயில் பாதை போகிறது. அதை டேப் வைத்து அளந்தேன். தண்டவாளத்துக்குத் தண்டவாளம் மூன்றேகால் அடியும் சொச்சமும். அடிக்கு அரைக்கால் அங்குலம் என்று கணக்குப் போட்டு, உடைந்த குடைகளின் கம்பியைத் தண்டவாளமாக்கி, சட்டைப் பித்தானைச் சக்கரமாக்கி, மையூற்றுப் பேனாவின் மூடியை இன்ஜினுக்குப் புகைபோக்கியாக்கி, நான்கடிப் பலகை மூன்றில் நூறு வருஷ ரயில் சரித்திரத்தையும் அடைத்துவிட்டேன்.

முதல் பலகையில் பம்பாயிலிருந்து புறப்பட்ட முதல் ரயில். பந்தல், மேடை, தொப்பி போட்ட துரைமார். இரண்டாவது பலகையில் என் சின்ன வயதில் எங்கள் ஊரில் ஓடிய கரிவண்டி. மூன்றாவதில் இன்றைய பம்பாயின் மின்சார ரயில். மூன்று வண்டிகளும் ஒரே தண்டவாளத்தில் ஓடும். பலகைக்கு அடியில் பழைய கிராமபோன் பெட்டியின் சாவி இயந்திரம் ஒரு நூலை இழுக்கும், நூல் வண்டிகளை இழுக்கும். நூறு வருஷத்தை ஒரே நூலில் கோத்திருக்கிறேன் என்று நான் சொல்லாத ஆள் ஊரில் கிடையாது.

இன்னொன்றையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கோயில் கட்டினவர் தூணில் தன்னையும் செதுக்கிக்கொள்வதில்லையா? நானும் தீக்குச்சியில் என்னைச் செய்து, கையில் குடையும் தலையில் சரிகைத் தலைப்பாகையும் வைத்து, முதல் ரயிலின் மேடையில் துரைமாருக்கு நடுவே நிறுத்தியிருந்தேன். குடை என்னிடம் உண்டு. தலைப்பாகை கிடையாது.

பம்பாயில் என் தங்கை பேச்சியம்மாள் இருக்கிறாள். அவள் கணவர் செல்லையா அங்கே ரயில் பெட்டிப் பட்டறையில் தச்சர். ஏழு வருஷத்துக்கு முன் இந்தச் சம்பந்தம் வந்தபோது, பட்டறையில் இழைப்புளி பிடிக்கிறவனுக்கா என் தங்கை என்று வீட்டில் குதித்தவன் நான். அம்மா என்னைக் கேட்காமலே கல்யாணத்தை முடித்தாள். கல்யாணத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர்கள் பம்பாய்க்குப் புறப்பட்ட அன்று வழியனுப்ப ஸ்டேஷனுக்குப் போகவில்லை. ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் குடம் வரைந்துகொண்டிருந்தேன். பின்னால் வண்டி போகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்காமல் குடத்துக்கு நிழல் போட்டேன். அதற்குப் பிறகு பேச்சி எனக்குக் கடிதம் எழுதியதில்லை. நானும் எழுதவில்லை.

அப்படியிருக்க, அழைப்பு செல்லையாவிடமிருந்துதான் வந்தது. நான் ரயில் செய்திருப்பதை ஊரிலிருந்து வந்த யாரோ சொல்லி, அவர் பட்டறை முழுக்கப் பெருமையடித்து, அது மாதுங்காவில் ஒரு தமிழ்ச் சங்கத்தின் காதுக்கு எட்டி, ஆண்டுவிழாக் கண்காட்சியில் நடு மேஜையை எனக்கு ஒதுக்கிவிட்டார்கள். எதற்குப் பம்பாய் என்று கேட்டவர்களுக்கெல்லாம் கண்காட்சிக்கு என்று சொன்னேன். தங்கையிடம் பேச வேண்டும், அதற்கு வேறு சாக்குக் கிடைக்கவில்லை என்பதை யாரிடமும் சொல்லவில்லை.

மெட்ராஸ் வரை எல்லாம் நன்றாகவே நடந்தது. எழும்பூரில் இறங்கி, பெட்டிகளைக் கைவண்டியில் ஏற்றி, சென்ட்ரலுக்குக் கூடவே ஓடினேன். அதற்கு முன் இரண்டு தடவை மெட்ராஸ் போயிருக்கிறேன். இரண்டு தடவையும் எழும்பூரில் இறங்கி எழும்பூரிலேயே ஏறியவன். அங்கே ஓடுகிற மின்சார வண்டியைப் பார்த்துத்தான் என் பம்பாய் மின்சார வண்டியைச் செய்தேன். சென்ட்ரலில் பிளாட்பாரத்தின் விளிம்புக்கு வந்து கீழே பார்த்தேன். தண்டவாளங்கள் ஒன்றையொன்று விட்டு விலகிக் கிடந்தன.

யாரோ தவறாகப் போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த பாதையைப் பார்த்தேன். அதுவும் அப்படியே. பக்கத்தில் நின்ற போர்ட்டரிடம் கேட்டேன். இங்கேயிருந்து வடக்கே பூராவும் பிராட்கேஜ் சாமி, ஐந்தரை அடி என்றார். பிராட்கேஜ் என்று ஒன்று இருப்பது எனக்குத் தெரியாதது அல்ல. எங்கோ படித்திருக்கிறேன். ஆனால் தண்டவாளம் என்றால் என் கண்ணுக்குத் தெரிந்தது பள்ளிக்கூடத்துக் கொல்லையில் கிடந்ததுதான். பம்பாயின் முதல் ரயிலையும் பம்பாயின் மின்சார ரயிலையும் அம்பாசமுத்திரத்துத் தண்டவாளத்தில் ஓட்டிக் காட்ட, பம்பாய்க்கே புறப்பட்டிருந்தேன்.

ஊருக்குத் திரும்பிவிடலாமா என்று பெட்டிமேல் உட்கார்ந்து யோசித்தேன். கண்காட்சிக்குச் செல்லையாவின் பட்டறைக்காரர்கள் அத்தனை பேரும் வருவார்கள். அவர்கள் நாள் பூராவும் ஐந்தரை அடியில் புழங்குகிறவர்கள். மேஜையைப் பார்த்த மாத்திரத்தில் சிரிப்பார்கள். நான் சிரிப்பை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன். செல்லையா மறுநாள் காலை அவர்களோடுதான் வேலைக்குப் போக வேண்டும். ஏற்கெனவே அவரை ஒரு தடவை சபையில் குனிய வைத்தவன் நான். போகாமல் இருந்தாலும் அவருக்குத்தான் அவமானம். வண்டி ஊதியதும் ஏறிவிட்டேன்.

தாதரில் இறங்கியது புதன்கிழமை காலை. செல்லையா கைவண்டியோடு நின்றார். மெலிந்த மனிதர், காதில் பென்சில். வாங்க மச்சான் என்று சொல்லி, என்னைவிடக் கவனமாகப் பெட்டிகளை இறக்கினார். தாராவியில் அவர்கள் வீடு ஒற்றை அறை. அதைக் கோலி என்கிறார்கள். சந்துக்குள் நுழைந்ததும் திருநெல்வேலியில் இறங்கிவிட்டேனா என்று சந்தேகம் வந்துவிட்டது. குழாயடியில் பெண்கள் எங்கள் ஊர்த் தமிழில் சண்டை போட்டு, நடுநடுவே இந்தியில் சூடேற்றிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊரில் சண்டைக்கு ஒரு பாஷைதான் உண்டு.

பேச்சி வாசலில் நின்றாள். வாங்கண்ணே என்றாள். வீட்டில் இருந்த ஒரே நாற்காலியை எனக்குப் போட்டாள். ஒரே எவர்சில்வர் தம்ளரில் காப்பி கொடுத்தாள். அம்மா எப்படியிருக்கிறாள், வயல் எப்படி, எதிர்வீட்டுக்காரர்கள் எப்படி என்று வரிசையாக விசாரித்தாள். என்னைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. மத்தியானம் உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் செய்து, வேண்டாம் என்கிற வரைக்கும் போட்டாள். விருந்தாளிக்கு என்னென்ன மரியாதை உண்டோ அத்தனையும் செய்தாள். அதுதான் என்னை உறுத்தியது. சின்ன வயதில் என் தட்டிலிருந்து அப்பளத்தைத் திருடுகிறவள் அவள்.

பெட்டியைத் திறங்க மச்சான், பார்ப்போம் என்று செல்லையா அன்று மாலையே கேட்டார். பயண அலுப்பு என்றேன். மறுநாள் காலையில் கேட்டார். தலைவலி என்றேன். வியாழக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் கேட்கவில்லை. கையைக் கழுவிவிட்டு, இரண்டு பெட்டிகளைத் தாமே திறந்தார். நான் காப்பியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் முதலில் வண்டிகளைத்தான் பார்த்தார். ஒவ்வொன்றையும் எடுத்து, திருப்பி, ஜன்னல் வழியாக உள்ளே பார்த்து, பழைய இடத்தில் வைத்தார். மேடையில் நின்ற குடைக்காரரைப் பார்த்ததும் என்னையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். அப்புறம் இடுப்பிலிருந்து மடக்கு அளவுகோலை எடுத்துத் தண்டவாளத்தின்மேல் வைத்தார்.

“மச்சான், இது நம்மூரு லைனுல்லா” என்றார். “இங்க உள்ள வண்டி இதுல ஓடாதே.”

“தெரியும் மாப்ள. மெட்ராசுல வச்சுத்தான் தெரிஞ்சுது.”

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். அவர் பென்சிலைக் காதிலிருந்து எடுத்து, பலகை ஓரத்தில் ஏதோ கணக்குப் போட்டார்.

“ஞாயித்துக்கெளம வரைக்கும் டைம் இருக்குல்லா. பிரிச்சு மாட்டிருவோம். எங்க காமே அதான.” வேலையைத்தான் இந்தியில் காம் என்றார்.

அடுப்பங்கரையிலிருந்து பேச்சி எட்டிப் பார்த்தாள். எனக்கு இரண்டாவது காப்பி தகரத் தம்ளரில் வந்தது. விருந்தாளி மரியாதை குறைகிறது, கொஞ்சம் தேவலை என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை செல்லையா வேலைக்குப் போய்விட்டார். சங்கத்தின் செயலாளர் என்னை மாதுங்காவில் ஒரு காப்பி ஓட்டலுக்கு வரச் சொல்லியிருந்தார். இஸ்திரி கலையாத சட்டை, முகம் பார்க்கலாம் போன்ற பிரௌன் ஷூ. முப்பது வருஷமாகப் பம்பாயில் ஆபீஸ் உத்தியோகம். காப்பி வந்தது. நியாயத்தைச் சொல்ல வேண்டும், அம்பாசமுத்திரத்தில் அப்படி ஒரு காப்பியை நான் குடித்ததில்லை. அதைச் சொன்னேன். அவர் தாமே போட்டதுபோல் சந்தோஷப்பட்டு, பையிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். நூறு வருஷ ரயில் ஒரே தண்டவாளத்தில் என்று அதில் கொட்டை எழுத்தில் இருந்தது. “ஊர் பூரா கொடுத்தாச்சு மாஸ்டர். உங்க மாப்பிள்ளைதான் வாசகம் சொன்னார்” என்றார். வாய்க்குள் போன காப்பி கசந்துவிட்டது.

அவரிடம் விஷயத்தைச் சொல்லத் தைரியம் வராமல், ஸ்டேஷனைப் படம் வரைய வேண்டும் என்று எழுந்தேன். உண்மையான மின்சார ரயிலை ஒரு தடவையாவது பார்த்துவிடுவோம் என்று மாதுங்காவிலிருந்து அடுத்த ஸ்டேஷனான தாதருக்குப் போனேன். போனது பிரச்சினை இல்லை. தாதரில் வந்து நின்ற வண்டியில் திரும்ப ஏறினேன். ஏறினேன் என்பது பேச்சுக்கு. பின்னால் நின்றவர்கள் ஏறினார்கள், நான் அவர்களுக்கு முன்னால் இருந்தேன். மாதுங்கா வந்தது. வண்டி நிற்கவில்லை. அது விரைவு வண்டி என்பதைக் கூட்டத்தில் யாரோ, பள்ளிக்கூடத்தில் நான் படித்த அரைகுறை இந்திக்கும் எட்டுகிற மாதிரி, இந்தியில் சொன்னார்கள். அடுத்து நின்ற இடத்தில் என்னால் கதவுப்பக்கம் போக முடியவில்லை. காட்கோபரில் என்னை வெளியே தள்ளினார்கள்.

எல்லா ஸ்டேஷனிலும் நிற்கிற வண்டியாகக் கேட்டு ஏறித் திரும்பினேன். உள்ளே நல்ல காற்றோட்டமான இடம் கிடைத்தது. மாதுங்காவில் வண்டி நின்றது. நான் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து நிற்பதற்குள் நகர்ந்துவிட்டது. எங்கள் ஊரில் வண்டி நின்றால் கார்டு இறங்கி வெற்றிலை போட்டு, யார் வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டு முடித்த பிறகுதான் பச்சைக்கொடி. இங்கே ஒரு தும்மல் போடுகிற நேரம். மறுபடி தாதர். என் குடையையும் முகத்தையும் பார்த்துவிட்டு ஒரு மராத்திக்காரர் இந்தியில் புத்தி சொன்னார். ‘இறங்க வேண்டுமென்றால், பெரியவரே, ஏறின நிமிஷத்திலிருந்து இறங்கிக்கொண்டே இருக்க வேண்டும்.’ எனக்கு அப்போது வயது முப்பத்தெட்டு.

மூன்றாவது தடவை மாதுங்காவில் இறங்கிவிட்டேன். குடையின் கைப்பிடி மட்டும் என்னோடு இறங்கியது. ஆனால் ஒன்று புரிந்தது. என் மின்சார ரயிலில் ஜன்னலுக்கு ஓர் ஆளாக, கையைக் கட்டிக்கொண்டு உட்கார வைத்திருந்தேன். கதவுகளைச் சாத்தியிருந்தேன். அப்படி ஒரு வண்டி பம்பாயில் ஓடினால் வேலைநிறுத்தம் என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அன்று மாலை கதவுகளை அறுத்தெடுத்து, வாசலுக்கு ஒன்பது தீக்குச்சி மனிதர்களைத் தொங்கவிட்டேன். பேச்சி அதைப் பார்த்து, இன்னும் நாலு பேரு ஏறலாம்ணே என்றாள். நாலு பேரை ஏற்றினேன்.

சனிக்கிழமை பட்டறைக்கு அரை நாள். செல்லையா வந்ததும் செம்பூருக்குப் புறப்பட்டோம். அங்கே ஞானமுத்து என்று அவருடைய சிநேகிதர், நாசரேத்துக்காரர், வீட்டு வராந்தாவில் ஒரு சின்னக் கடைசல் இயந்திரம் வைத்திருந்தார். என் சட்டைப் பித்தான் சக்கரங்களை உள்ளங்கையில் போட்டுக் குலுக்கினார். “இது சட்டைக்குத்தானே சரியா வரும் மாஸ்டர்?” என்று மரியாதையாகவே கேட்டார். கண்ணை மூடி ஒரு நிமிஷம் ஜெபித்துவிட்டு, பித்தளைக் கம்பியை மாட்டிச் சக்கரம் கடைய ஆரம்பித்தார். பட்டாணி அளவில், விளிம்போடு, ஒன்றுபோலவே நாற்பது சக்கரங்கள். அவர் மனைவி எங்களுக்கு மீன்குழம்பு ஊற்றினார். முள் எடுக்கத் தெரியாமல் நான் பட்ட பாட்டை இங்கே எழுதப் போவதில்லை.

தாராவிக்குத் திரும்பியதும் செல்லையா பம்பாய் வண்டிகள் இரண்டின் பெட்டிகளையும் ஒவ்வொன்றாக நீளவாக்கில் ரம்பத்தால் அறுத்தார். அகலப் பாதைக்கு வண்டியும் அகலமாக வேண்டும் மச்சான் என்று, இரண்டு பாதிக்கும் நடுவில் ஒரு மரத்துண்டை வைத்து ஒட்டினார். அறுத்த இடம் விரலுக்குக்கூடத் தட்டுப்படவில்லை. இழைப்புளி பிடிக்கிறவனா என்று நான் அன்று கேட்டது நினைவுக்கு வந்து, அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் பசை காய்ச்சப் போனேன்.

பம்பாய்ப் பலகை இரண்டிலும் குடைக்கம்பிகளைப் பிடுங்கி ஐந்தரை அடிக் கணக்கில் பதித்தோம். எங்கள் ஊர்ப் பலகையைத் தொடவில்லை. தொட்டால் அது எங்கள் ஊர் ஆகாது. அப்போதுதான் அடுத்த சிக்கல் வந்தது. இரண்டு பலகை அகலம், ஒன்று குறுகல். ஒரே தண்டவாளத்தில் நூறு வருஷம் என்று ஊர் முழுக்க நோட்டீஸ் கொடுத்தாகிவிட்டது. வண்டி ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகவே முடியாது. நானும் செல்லையாவும் மூன்று பலகைகளையும் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுப் பார்த்தோம். எங்கே போட்டாலும் நடுவில் ஒரு முறிவு நின்றது. செல்லையா முதல் தடவையாகப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். திங்கட்கிழமை பட்டறையில் என்ன சொல்வது என்று அவர் யோசிப்பது எனக்குத் தெரிந்தது. அவர் வாயிலிருந்து ஒரு குறைச்சொல் வரவில்லை.

பேச்சி அரிசி களைந்துகொண்டே எங்களைப் பார்த்திருந்தாள்.

“ஏன், நடுவுல வண்டி ஓடாட்டா என்ன?” என்றாள். “நாங்க எறங்கித்தான வந்தோம்? எழும்பூருல எறங்கி, சாமானத்தத் தூக்கிட்டு, செண்ட்ரல்ல போயி ஏறித்தான வந்தோம்? இங்க உள்ளவுக எல்லாரும் அப்படித்தான வந்தாவ?”

செல்லையா என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். எழும்பூரிலிருந்து சென்ட்ரல் வரை கைவண்டியோடு ஓடியவன் நான். எனக்கு இது தோன்றவில்லை.

ஊர்ப் பலகையைத் தனியே வைத்து, பம்பாய்ப் பலகைகளைத் தனியே வைத்து, நடுவில் ஓர் இழைத்த பலகையைப் போட்டோம். அதில் தண்டவாளம் இல்லை, வெறும் தெருதான். நான் தீக்குச்சி மனிதர்களைச் செய்தேன். அவர்கள் தலையில் என்ன இருக்க வேண்டும் என்று பேச்சி சொன்னாள். தகரப்பெட்டி, ஜமக்காளத்தில் சுற்றிய படுக்கை, கூஜா, கருப்பட்டி இருக்கிற ஓலைப்பெட்டி, ஆட்டுரல் குழவி, முருங்கைக்காய்க் கட்டு. நான் ஒரு பெண் பொம்மைக்கு வெறுங்கை வைத்தபோது கோபித்துக்கொண்டாள். வெறுங்கையாக யார் பம்பாய்க்கு வருவார்கள் என்று கேட்டாள். நான் வந்த பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்துச் சிரித்தாள். நோட்டீஸுக்குப் பதில் சொல்ல நானே ஒரு போர்டு எழுதினேன். நூறு வருஷ ரயில், இரண்டு தண்டவாளம், நடுவில் நடந்து போகவும்.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டபத்தில் மேஜைகளைச் சேர்த்து எல்லாவற்றையும் மாட்டினோம். செயலாளர் போர்டைப் படித்தார். ஷூவைப் பார்த்தார். நோட்டீஸில் வேற மாதிரின்னா போட்டிருக்கு என்றார். செல்லையா அவரை ஓரமாக அழைத்துப் போய்ப் பேசினார். சர்ச்சுக்குப் போய்விட்டு ஞானமுத்துவும் வந்து சேர்ந்தார்.

கிராமபோன் இயந்திரம் ஒன்றுதான் இருந்தது. அதை எங்கள் ஊர்ப் பலகைக்குக் கொடுத்தாகிவிட்டது. பம்பாய்ப் பக்கத்து நூலை இழுக்க ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கட்டியிருந்தார் செல்லையா. அதை மேஜைக்கு அடியில் உட்கார்ந்து கையால் சுற்ற வேண்டும். யார் சுற்றுவது? விளக்கம் சொல்ல வேண்டிய கலைஞர் நான் என்று தொண்டையைக் கனைத்தேன். அப்போதுதான் செல்லையாவின் பட்டறைக்காரர்கள் ஐம்பது அறுபது பேர் மொத்தமாக வாசலில் நுழைந்தார்கள். அவர்களிடம் பேச வேண்டியவர் நான் அல்ல என்று எனக்கே தெரிந்துவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மேஜைத்துணியைத் தூக்கி உள்ளே நுழைந்தேன்.

இப்படியாக, மூன்று வருஷம் பாடுபட்டு, பாதி இந்தியாவைக் கடந்து வந்து, என் கண்காட்சியை நான் கீழேயிருந்து பார்த்தேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள். முதல் ரயிலையும் மின்சார ரயிலையும் ஒரே நூலில் மாட்டியிருந்ததால், நூறு வருஷத்துக்கு முந்தைய வண்டியும் நேற்றைய வண்டியும் ஒரே வேகத்தில் போயின. பம்பாய்க்காரர்கள் அதில் தப்பு எதுவும் காணவில்லை. தொங்குகிறவர்களைப் பார்த்துக் கைதட்டினார்கள். ஒரு சோடி தோல்செருப்பு, ‘இது எட்டேகால் மணி வண்டி, அந்தக் கடைசி ஆள் நான்தான்’ என்று மராத்தியில் சொன்னதாக ஞானமுத்து பிறகு சொன்னார். பட்டறைக்காரர்களின் கனத்த கால்கள் மேஜையைச் சுற்றி நின்றன. யாரோ அளவுகோலை வைத்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. ‘பரோபர்’ என்று ஒரு குரல் சொன்னது. சரியாக இருக்கிறது என்று அர்த்தம் என்பது அந்த நாலு நாளில் எனக்குத் தெரிந்திருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஒன்றைக் கவனித்தேன். கால்கள் ரயில்களின் முன்னால் நிற்கவில்லை. நகர்ந்து நகர்ந்து நடுப்பலகைக்கு வந்து, அங்கேயே நின்றுவிட்டன. ஓடுகிற மூன்று வண்டிகளை விட்டுவிட்டு, ஒன்றுமே ஓடாத தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடத்தில்தான் என் பெட்டி தொலைந்தது என்றார் ஒருவர். இங்கேதான் குதிரைவண்டிக்காரன் எங்களைத் தப்பான ஸ்டேஷனில் கொண்டுபோய் விட்டான் என்றாள் ஒருத்தி. பிரௌன் ஷூ வந்து நின்றது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அம்மா கொடுத்தனுப்பின காப்பி பில்டரை மடியில் வைத்துக்கொண்டே ஜட்காவில் போனேன் என்று சொன்னது. வெகுநேரம் அது நகரவில்லை.

என் தோள் இரண்டும் கழன்று விழுகிற நிலையில் இருந்தேன். அப்போது ஒரு பெண்ணின் குரல், தாராவிக் குழாயடியில் கேட்ட குரல், மேலே கேட்டது.

“எக்கா, எல்லாரும் சாமானத்தத் தூக்கிட்டுப் போறாவ. இந்தக் குடைக்காரரு மட்டும் ஏன் வெறும் குடையோட நிக்காரு? தலைப்பாக வேற.”

குடைக்காரரா? நான் அவரை மேடையில் துரைமாருக்கு நடுவே அல்லவா நிறுத்தியிருந்தேன்? காலையில் மாட்டும்போதும் அங்கேதான் நின்றார். யாரோ எடுத்து நடுத்தெருவில் வைத்திருக்கிறார்கள்.

பதில் சொன்னது பேச்சி.

“அது எங்க அண்ணன். எங்கள வழியனுப்ப வந்திருக்காவ.”

என் கை நின்றுவிட்டது. சக்கரம் நின்றது, நூல் நின்றது. மேலே பம்பாயின் முதல் ரயிலும் மின்சார ரயிலும் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் நின்றன. கூட்டத்தில் சலசலப்பு எழுந்தது. நான் அழுதுகொண்டிருந்தேன். துடைத்துக்கொள்ளக் கைகள் இரண்டும் கிரீஸாக இருந்தன.

மேஜைத்துணியின் ஓரத்தைத் தூக்கிச் செல்லையா குனிந்து பார்த்தார். ஒரு நிமிஷம் பார்த்தார். துணியைப் பழையபடி இறக்கிவிட்டு நிமிர்ந்தார்.

“சிக்னல் கெடைக்கல” என்று கூட்டத்திடம் சொன்னார். “இப்பப் போயிரும். கொஞ்சம் இருங்க.”